மடித்து வெட்டிய சிவப்பு

மார்ச் 4

சம்பந்தி அம்மாவுக்கு,

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் நான் போனில் ஒரு வார்த்தை சொன்னால், உங்கள் மகள் சமையலறையிலிருந்தே அதற்குப் பதில் சொல்லிவிடுகிறாள். அவளைப் பற்றியே பேச வேண்டும் என்றால் எங்கே போவது? அதனால்தான் எழுதுகிறேன். தையல் ஃபேக்டரியின் கட்டிங் மேசையில் சாக்பீஸ் பிடித்த கை, எழுத்து பெரிது பெரிதாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பின்னறையில் போட்டிருக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான். மூன்றாவது கீமோ ஏறிய சில நாளில் வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிச் சிவந்துவிட்டது. கை வைத்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது. இடது காலிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. முந்திய இரண்டு தடவையும் இப்படித்தான் வந்தது. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, தோலில் தொற்று என்று ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். போட்டதும் அடங்கியது. இந்தத் தடவையும் அதே மாத்திரைதான்.

உங்கள் மகள் 'தொற்று' என்ற சொல்லைக் கேட்ட அன்றே என் துணிமணிகளைப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் கைகழுவுகிற மருந்து பாட்டிலை வைத்திருக்கிறாள். தட்டு அந்த ஸ்டூல் வரைக்கும் வரும். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, "சாப்பிடுங்க அத்தை" என்பாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. குட்டியை மட்டும் கண்ணில் காட்டுவதில்லை.

குட்டி பிறந்த அன்று ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பிரசவ வார்டு வாசலில் நின்றவள் நான். நுரையீரலில் கட்டி என்று அதில் எழுதியிருந்ததை யாரிடமும் சொல்லாமல், குழந்தையை முதலில் கையில் வாங்கியவளும் நான்தான். உங்கள் விடுதியில் அப்போது பரீட்சை என்று நீங்கள் வரவில்லை. அதை நான் இன்றுவரை குறையாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

என் மகன், உங்கள் அருமை மாப்பிள்ளை, அவள் பேசும்போது அந்தப் பக்கம் தலையாட்டுகிறான், நான் பேசும்போது இந்தப் பக்கம் தலையாட்டுகிறான். வீட்டில் டேபிள் ஃபேன் வேறு தேவையில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுத்தால் கால் எரிகிறது, உட்கார்ந்தால் மனது எரிகிறது. கூடத்தில் குட்டி அழுவது கேட்கும், எழுந்து வாசல்வரை போவேன், ஸ்டூல் தடுக்கும். உங்கள் மகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

இப்படிக்கு,
கத்திரி
(ஃபேக்டரியில் வைத்த பெயர். உங்களுக்கும் இனி அதுவே இருக்கட்டும்.)


மார்ச் 9

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழந்தையை அந்த அறைக்குக் கொண்டு போகாதே என்று என் மகளிடம் சொன்னது நான்தான். ஸ்டூலும் நான் சொன்னதுதான். மருந்து பாட்டில் எந்தக் கம்பெனி என்றுகூட நான்தான் சொன்னேன். திட்டுவதென்றால் அவளை விட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள்.

இந்த விடுதியில் எனக்கு முன்னால் ஒரு வார்டன் இருந்தார். நல்ல மனுஷி. ஒரு பெண்ணுக்கு வாயோரத்தில் பட்டாணி அளவில் ஒரு புண் வந்தபோது, பாவம், தனியாகப் போட்டால் அழுவாள் என்று விட்டுவைத்தார். மாடி முழுவதும் பரவியது. பெற்றோர்கள் வரிசையில் நின்று திட்டிவிட்டுப் போனார்கள். அவர் வேலை போனது, எனக்கு இந்த வேலை வந்தது. அன்றிலிருந்து இங்கே ஒரே விதிதான். யாருக்குத் தோலில் எது வந்தாலும் முதலில் தனி அறை, பிறகு பாவம் பார்க்கலாம்.

குழந்தைக்கு இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நீங்களே உங்களை மன்னித்துக்கொள்வீர்களா? பரீட்சையைச் சொல்லிக் காட்டினீர்கள். சரி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதற்காக விதியை மாற்ற முடியாது.

ஒரு சந்தேகம். மூன்று கீமோவுக்கும் மூன்று தடவை இப்படி வந்திருக்கிறதே, இதற்குக் கீமோ டாக்டர் என்ன சொல்கிறார்? அதை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வார்டன்


மார்ச் 14

வார்டன் அம்மாவுக்கு,

அப்படியென்றால் என்னைச் சிறையில் வைத்தது நீங்கள். நான் போலீஸிடம் புகார் கொடுப்பதாக நினைத்து திருடரிடமே போய்ப் புகார் கொடுத்திருக்கிறேன். நல்ல சம்பந்தம் செய்தேன் போங்கள்.

கால் அடங்கிவிட்டது. சிவப்பு போய் இப்போது டீக்கறை மாதிரி ஒரு நிறம். "இப்பவாவது குட்டியக் குடும்மா" என்றேன். உங்கள் மகள், "இன்னும் ஒரு வாரம் போகட்டும் அத்தை, எதுக்கும் பாத்துக்கலாம்" என்கிறாள். அந்த ஒரு வாரம் போனால் அடுத்த கீமோ வந்துவிடும். கீமோ வந்தால் சிவப்பு வரும், சிவப்பு வந்தால் மாத்திரை, மாத்திரைக்குப் பிறகு "எதுக்கும் ஒரு வாரம்". இதில் எந்தச் சந்தில் நான் என் பேத்தியைத் தூக்குவது? நீங்கள்தான் விதி போடுகிறவர், கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

கீமோ டாக்டரைக் கேட்டீர்கள். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

முதல் கீமோவின்போது என் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா இருந்தாள். பேக்கரி வைத்திருக்கிறவள், பேச்சுத்துணைக்கு அருமையானவள். இரண்டாவது தடவை அவள் நர்ஸிடம், "ரெண்டு நாளா லேசா காய்ச்சல்" என்று சொன்னாள். அவ்வளவுதான், கீமோ ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை அந்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் நர்ஸிடம் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. அவளைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்ததிலிருந்து நீளமான சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறேன். "எப்படி இருக்கீங்க?" என்றால், "ஜோரா இருக்கேன்" என்கிறேன். தெருமுனை டாக்டரிடம் காலைக் காட்டுகிறேன், கீமோ டாக்டரிடம் சாக்ஸைக் காட்டுகிறேன்.

இதை யாரிடமாவது சொன்னீர்களோ, அப்புறம் நமக்குள் பேச்சே கிடையாது.

கத்திரி


மார்ச் 20

சம்பந்தி அவர்களுக்கு,

காய்ச்சலை மறைக்கிற பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். சுற்றுலா போகிற வாரத்தில் தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன்னால் ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிற்பார்கள். உதடு நீலமாக இருக்கும், கண் சிவப்பாக இருக்கும், "எனக்கு ஒண்ணுமில்ல மேடம்" என்பார்கள். அவர்களுக்குப் பதினைந்து வயது. உங்களுக்கு என்ன வயது?

டாக்டரிடம் சாக்ஸைக் காட்டினீர்களாம்! படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அன்று சமையல்காரரிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன். உடம்புக்குள் மருந்து ஏற்றுகிறவருக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லத்தான் போகிறேன். பேச்சு நின்றால் நிற்கட்டும். எப்படியும் நம் பேச்சு அப்படி ஒன்றும் இனிப்பாக இல்லை.

இன்னொன்று. என் மகள் போனில் அலுத்துக்கொண்டாள். "கதவ சாத்துங்கன்னா அத்தை சாத்தவே மாட்டேங்கறாங்கம்மா. நாற்காலிய வேற இங்கயும் அங்கயும் இழுத்து இழுத்து, தரையெல்லாம் கீறல்." வாடகை வீட்டுத் தரையைக் கீறினால் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார். அப்படி என்னதான் செய்கிறீர்கள் அந்த நாற்காலியை வைத்துக்கொண்டு?

வார்டன்


ஏப்ரல் 2

வார்டன் அம்மாவுக்கு,

சொல்லிவிட்டீர்கள். சந்தோஷமா?

நான்காவது கீமோ முடிந்து வழக்கம்போல் கால்கள் சிவக்க ஆரம்பித்த அன்று, டேபிள் ஃபேன் நேராக என் அறைக்குள் வந்தான். என் பக்கமும் திரும்பவில்லை, அவள் பக்கமும் திரும்பவில்லை. "அம்மா, போர்வைய எடு" என்றான். இந்தத் தடவை இரண்டு கால்களும் போட்டி போட்டுக்கொண்டு சிவந்திருந்தன. பார்த்துவிட்டு அழுதான். அவன் அப்படி அழுது நான் இதுவரை பார்த்ததில்லை. அதற்காக உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

கீமோ ஆஸ்பத்திரி தூரம் என்று பக்கத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். உள்ளே சேர்த்துவிட்டார்கள். மாத்திரை போய் ஊசி வந்தது. காய்ச்சல் இல்லை. ரத்தத்திலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னார், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருவர் ஊசியைத் தொடரச் சொன்னார். இதற்கு முன்னால் வந்ததுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பழக்கதோஷம். மகன் கீமோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தொற்று என்று சேர்த்திருக்கிறோம் என்றான். முழுவதும் அடங்கிய பிறகு வாருங்கள், அதுவரை கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் எதற்குப் பயந்து சாக்ஸ் போட்டேனோ அது நடந்துவிட்டது. அந்த பேக்கரி அம்மாவைத் திருப்பி அனுப்பிய அதே வாசல்.

அங்கே ஒரு சின்ன டாக்டர் பேனாவை எடுத்து என் காலில் சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டார். நாளைக்கு இந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் பரவுகிறது என்று அர்த்தமாம். யோசனை நல்லதுதான், ஆனால் கோடு! ஆடு மேய்ந்த மாதிரி இருந்தது. நாற்பது அடுக்குத் துணியை ஒரே வெட்டில் வெட்டினவள் நான், என் காலிலேயே இப்படி ஒரு கோடா? வீட்டுக்கு வந்ததும் பேட்டர்ன் போடுகிற பிரவுன் பேப்பரைக் காலில் சுற்றி, சிவப்பு இருக்கிற இடத்தை ஒழுங்காகப் பிரதி எடுத்தேன். இடது ஒன்று, வலது ஒன்று. வெட்டி ஒன்றின்மேல் ஒன்று போட்டால் ஓரம்கூடப் பிசகவில்லை. துணியை மடித்து ஒரே வெட்டில் வெட்டினது மாதிரி இருக்கிறது. உங்கள் தொற்றுக்கு நல்ல கை. எங்கள் ஃபேக்டரியில் இருந்திருந்தால் மாஸ்டராக்கியிருப்பார்கள். இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன், உங்கள் விடுதி நோட்டீஸ் போர்டில் குத்தி வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நான் இனி கீமோவுக்குப் போகப் போவதில்லை. கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது என்று போன ஸ்கேனில் சொன்னார்கள். தெரியும். ஆனால் அந்த மருந்து ஏறினால்தானே எதிர்ப்பு சக்தி போகிறது, தொற்று வருகிறது, குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். மருந்து வேண்டாம். தொற்று வராது. எனக்கு இருக்கிற காலம் கொஞ்சமாக இருந்தாலும் சரி, அதில் குட்டி என் மடியில் இருக்கட்டும். பின்னறையில் நூறு வருஷம் இருந்து என்ன செய்யப் போகிறேன்?

மகனிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுவீர்கள், அதுதான் உங்கள் வேலையாயிற்றே.

கத்திரி


ஏப்ரல் 7

சம்பந்திக்கு,

சொல்லவில்லை. இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன். ஒன்றில் அதிகமாகத் திட்டியிருந்தேன், இன்னொன்றில் அதிகமாகக் கெஞ்சியிருந்தேன். காலையிலிருந்து மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறேன். பெண்கள் என்னைக் கண்டு ஒதுங்கிப் போகிறார்கள். என்ன தப்பு செய்தோம் என்று அவர்களுக்கும் புரியவில்லை, எதற்குப் போகிறேன் என்று எனக்கும் புரியவில்லை.

உங்கள் பிரவுன் பேப்பரை ஆபீஸ் மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இது ஒரு மனுஷியின் கால், இவ்வளவு இடம் எரிந்திருக்கிறது. நான் ஸ்டூல் போடச் சொன்னபோது என் கண்ணில் பட்டாணி அளவுப் புண்தான் இருந்தது.

சம்பந்தி, கட்டி பாதியாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதியில் விட்டால் அது சும்மா இருக்குமா? என் விதிதான் உங்களை மருந்தை விடச் செய்கிறது என்றால் அந்த விதி எனக்கு வேண்டாம். இதை எழுதிவிட்டேன். எழுதின கையோடு குட்டியின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது, அதற்கு ஏதாவது வந்துவிட்டால் என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். பிறந்த வாரத்தில் பார்த்ததோடு சரி. எனக்கு இரண்டு பேரும் வேண்டும். யாரை விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல்தான் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கீமோ டாக்டரிடம் ஒரு தடவை போங்கள். சாக்ஸ் இல்லாமல் போங்கள். முதல் தடவையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். இந்தப் பேப்பர்களைத் திருப்பி அனுப்புகிறேன், அவர் முன்னால் விரியுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன். குட்டியை உங்கள் மடியில் விடச் சொல்லி நானே என் மகளிடம் சொல்கிறேன்.

நான் யாரிடமும் இப்படிக் கேட்டுப் பழகியவள் இல்லை.

வார்டன்


ஏப்ரல் 24

வார்டன் அம்மாவுக்கு,

போனேன். உங்களுக்காகப் போகவில்லை. "யாரிடமும் இப்படிக் கேட்டுப் பழகியவள் இல்லை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்காகப் போனேன்.

உங்கள் மகளும் கூட வந்தாள். குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வண்டியில் ஜன்னலோரம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் பிரவுன் பேப்பர் சுருள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்ஸையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபம் என்று நினைத்தேன், கோபம்தான். "ஏம்மா, முதல் தடவையே ஏன் எங்ககிட்ட காட்டல? இத்தனை மாத்திரை, ஊசி, ஆஸ்பத்திரி, ஒரு கீமோ வேற தள்ளிப்போயிருக்கு" என்றார். உங்கள் மகள் பேப்பரை விரித்தாள். அவர் இரண்டையும் பார்த்தார், என் கால்களில் மிச்சமிருந்த கறையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"இது தொற்று இல்லன்னு நினைக்கறேன்" என்றார். "உங்க கீமோ மருந்து சில பேருக்கு இப்படிப் பண்ணும். ஏற்கெனவே நீர் கோத்து வீங்கின காலா இருந்தா, அங்க போய்த் தோலச் சிவக்க வைக்கும். பாக்கறதுக்கு அப்படியே தொற்று மாதிரியே இருக்கும், சூடும் இருக்கும், வலியும் இருக்கும். ஆனா ரெண்டு கால்லயும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி வர்றது, காய்ச்சல் இல்லாதது, ஒவ்வொரு தடவையும் கீமோவுக்கு அப்புறம் வர்றது, எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும்."

"மாத்திரை போட்டதும் அடங்குச்சே டாக்டர்?"

"போடாம இருந்தாலும் அதே நேரத்துல அடங்கியிருக்கும்மா."

தோல் டாக்டரை வரவழைத்தார். அந்தப் பெண் காலில் மரத்துப்போக ஊசி போட்டு, பயறளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். தையல் போட்ட விதம் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டிருக்கலாம் என்றேன். சிரித்துவிட்டாள். நேற்று முடிவு வந்தது. கிருமி ஒன்றும் இல்லை, மருந்தின் வேலைதான்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் தப்பில்லையாம். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றுமாம், முன்னால் வந்ததையும் நான் மறைத்துவிட்டேனே. கீமோ டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நிஜத் தொற்றும் எனக்கு வரலாம், எது எது என்று நானே முடிவு செய்யக் கூடாது, சிவந்தால் அன்றே அவரிடம் காட்ட வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும். கீமோ தொடரும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மாத்திரை, காலுக்குத் தடவ ஒரு களிம்பு, இறுக்கமான காலுறை, தலையணைமேல் கால். அந்த பேக்கரி அம்மாவைப் பற்றியும் துணிந்து கேட்டுவிட்டேன். அவள் நன்றாக இருக்கிறாளாம், வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டாளாம். நான் இரண்டு மாதமாக அவளை மனதுக்குள் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்!

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. நேற்று உங்கள் மகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசல்வரை வந்தாள். ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் கண்ணில் தண்ணீர். "டாக்டர் சொன்னாரு, எனக்குப் புரியுது அத்தை. ஆனா கால் எடுத்து வைக்க வரல" என்றாள். அப்படியே திரும்பிப் போனாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பயந்த பிள்ளையை என்ன சொல்வது?

பூட்டுப் போட்டது நீங்கள். சாவி இங்கே யாரிடமும் இல்லை.

கத்திரி


ஏப்ரல் 30

சம்பந்திக்கு,

படித்துவிட்டு அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்ல அழுகைதான்.

பிறகு மகளுக்குப் போன் செய்தேன். "குழந்தையக் குடுடீ" என்றேன். "நீதானேம்மா வேண்டாம்னு சொன்ன?" என்றாள். "இப்ப நான்தான் சொல்றேன், குடு" என்றேன். "நீ நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லும்மா" என்றாள். விதியை மீறாத பெண்ணாக வளர்த்தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன், இப்போது என் மூக்கே உடைபடுகிறது.

லீவு கேட்டேன். வார்டன் லீவு கேட்பதா என்று பள்ளி முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கிடைத்துவிட்டது. உங்கள் ஐந்தாவது கீமோவுக்கு அடுத்த வாரம் அங்கே இருப்பேன். ஸ்டூலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, குட்டியை என் கையாலேயே உங்கள் மடியில் வைக்கிறேன். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

வார்டன்


மே 10, காலை

வார்டன் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை தேவையில்லை. கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் வழியெல்லாம் இருமினார் என்றால் இடம் மாறி உட்கார வேண்டியதுதானே? வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, பெட்டியைக் கீழே வைத்து, "சம்பந்தி!" என்று கையை விரித்தீர்கள். கண்ணில் தண்ணீர், மூக்கிலும் தண்ணீர். அப்புறம் ஒரு தும்மல். உங்கள் மகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன வேகம் இருக்கிறதே! "அம்மா, அங்கயே நில்லு. அத்தைக்குக் கீமோ ஏறியிருக்கு, குழந்தை வேற இருக்கு. நேரா பின்னறைக்குப் போ" என்றாள். நீங்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது, எனக்கும் சளியோ என்று அவள் பயந்துவிட்டாள்.

நான் கூடத்துக் கட்டிலுக்கு வந்துவிட்டேன். அறை வசதியாக இருக்கிறதா?

கத்திரி


மே 10, மத்தியானம்

சம்பந்திக்கு,

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இது வெறும் சளி. காய்ச்சல்கூட இல்லை. ஆனால் உங்களுக்கு வந்தால் வெறும் சளியாக இருக்காது என்று எனக்கே தெரியும், அதனால் கதவைத் திறக்கமாட்டேன்.

தட்டு ஸ்டூலுக்கு வந்தது. என் மகள் இரண்டடி பின்னால் போய் நின்று, "சாப்பிடும்மா" என்றாள். நான் பெற்ற பிள்ளை, எனக்கு ஒரு வேளை சாப்பாடே இறங்கவில்லை. நீங்கள் இதை எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்?

கூடத்தில் குட்டி அழுகிறது. எழுந்து போகிறேன், கதவு. திரும்பி வருகிறேன், ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். மறுபடியும் கதவு. இந்த அறையில் உட்கார முடியவில்லை சம்பந்தி, நிற்கவும் முடியவில்லை. உங்களை இங்கே இப்படி வைத்தது நான். என்னை மன்னித்துவிடுங்கள். நேரில் சொல்லத்தான் வந்தேன், கதவுக்கு அடியில் தள்ள வேண்டியதாகிவிட்டது.

உங்கள் கால் எப்படி இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

வார்டன்


மே 10, சாயங்காலம்

சம்பந்திக்கு,

கால் சிவந்துவிட்டது. சொன்ன சொல் தவறாமல் இரண்டு காலிலும் வந்துவிட்டது. ஆனால் முன்பு மாதிரி இல்லை, பாதி நிறம்தான். காலையிலேயே போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினோம். காய்ச்சல் பார்த்துச் சொல்லச் சொன்னார், இல்லை. தலையணைமேல் காலை வைத்திருங்கள், நாளைக்கு ஒரு தடவை நேரில் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த கீமோவுக்கும் தேதி வாங்கியாயிற்று.

இனி நடந்ததைக் கேளுங்கள். பாதி உங்களுக்குத் தெரியும், சத்தம் போட்டதே நீங்கள்தானே. மத்தியானம் உங்கள் மகள் களிம்பு தடவிவிட்டாள். வெறும் கையால் தடவினாள். தடவிவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். குட்டி அழுதது. தூக்கினாள், என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். அப்போதுதான் மூடின கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல். "நின்னுட்டு என்னடீ யோசிக்கற? குடுடீ குழந்தைய!" விடுதி மணி அடித்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில்கூட யாரோ எதையோ யாரிடமோ கொடுத்திருப்பார்கள். உங்கள் மகள் வந்து குட்டியை என் மடியில் வைத்துவிட்டு, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

கனத்துவிட்டது. ஜனவரியில் ஒரு முழத் துணி கனம்தான் இருந்தது. இப்போது கழுத்து நிற்கிறது, என் கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறது.

மன்னிப்பு கேட்டீர்கள். அதற்குப் பதில் ஒன்று சொல்லித் தருகிறேன். அந்த அறையில் நீங்கள் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடக்காதீர்கள், நானும் நடந்து பார்த்தேன், பிரயோஜனமில்லை. நாற்காலியை எடுங்கள். தரையில் நான் போட்ட கீறல்கள் இருக்கும், அதில் ஆழமாக இருக்கிற நாலு கீறலின்மேல் நாற்காலியின் நாலு காலையும் வையுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கதவை ஒரு சாண் திறங்கள். அதற்குமேல் வேண்டாம், உங்கள் மகள் கத்துவாள். உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் சாயுங்கள். கூடத்து அலமாரிக் கண்ணாடியில் தொட்டில் தெரியும். கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, அதற்குப் பிறகு தினமும் அங்கேதான் இருந்தேன்.

இப்போது பார்த்தால் தொட்டில் காலியாக இருக்கும். பயந்துவிடாதீர்கள். இடது பக்கம், என் கட்டிலைப் பாருங்கள்.

கத்திரி